மூன்றாம் சன்னல்

டுலூத்தில், சுப்பீரியர் ஏரிக்கு மேலே
சரிவில் நிற்கிறது எங்கள் கல்லூரி.
பதிவாளர் அலுவலகம், மூன்றாம் சன்னல்,
அதற்குள் நான்.
பத்தொன்பது வருடமாக மதிப்பெண் பட்டியலில்
முத்திரை குத்துகிறேன். கணிதம் தெரியாது.
ஏரி உறைந்துவிட்டதா என்பதை மட்டும்
வருகிறவர்களின் பூட்ஸைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஐலி கொஸ்கெலா முதலில் வந்தது நவம்பரில்.
இரும்புச் சுரங்க ஊர்க்காரி.
கோட்டுக்குள் மருத்துவமனை உதவியாளரின் நீலச் சட்டை,
இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்தாள்.
திரையில் அவள் பெயருக்கு அடியில் முதல் வரி:
நுண்கணிதம் ஒன்று. வரவு நான்கு.
மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டம்
துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

பள்ளியிலேயே எழுதிய பரீட்சை என்றாள்.
மே மாதம், கூடைப்பந்து அரங்கில் மடக்கு மேசை போட்டு,
ஐந்துக்கு ஐந்து.
கட்டணத்துக்காக அப்பா ஒரு சனிக்கிழமை
கூடுதல் ஷிப்ட் பார்த்தாராம்.
கல்லூரியில் ஒரு பாடத்தின் பணம் மிச்சம் என்று
கேக்கில் ஐந்து என்றே எழுதி வெட்டினார்களாம்.

இப்போது மருத்துவக் கல்லூரிகள்.
ஒன்று ஏற்கிறது.
ஒன்று, பட்டியலில் பாடத்தின் பெயர் இருந்தால் ஏற்கிறது.
இன்னொன்றுக்கு, அதற்கு மேலே ஒரு பாடமும் படித்திருக்க வேண்டும்.
அவள் போக ஆசைப்படுகிற ஒன்றோ
வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய மதிப்பெண்தான் கேட்கிறது.
"அப்படியென்றால் இது என்ன?"
வெற்றுக் கட்டத்தைக் காட்டி
என் கண்ணாடியில் விரல் வைத்தாள்.
"வரவு" என்றேன்.
"வந்ததே தெரியவில்லையே" என்றாள்.

ஜனவரியில் மறுபடி வந்தாள், பூட்ஸில் உப்பு.
வரவைத் துறக்க ஒரு படிவம் இருக்கிறது.
கையெழுத்திட்டால் நான்கு பூஜ்யமாகும், திரும்பி வராது.
பிறகு அதே பாடத்தைப் பணம் கட்டிப் படிக்கலாம்,
காலை எட்டு மணிக்கு,
பதினெட்டு வயதுக்காரர்களோடு.
"துறந்துவிட்டால், எனக்கு அது தெரியாது என்றாகிவிடுமா?"
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

என் பேனாவை எடுத்தாள்.
தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.
வயலின் வயிற்றிலுள்ள துளை போல ஒரு குறி,
அதன் பின்னால் எழுத்துகள், எண்கள்.
நான்காம் மாடியில் தூங்காத ஒருவர்
விடிவதற்குள் தன் கைக்குள் எவ்வளவு மருந்து இறங்கும் என்று
இரவெல்லாம் கேட்கிறாராம்.
சொட்டு ஒரே வேகத்தில் விழுவதில்லை,
அதனால் பெருக்கினால் போதாதாம்.
வரிசையில் ஹாக்கி மட்டையோடு நின்ற பையன்
மூச்சை உரக்க விட்டான்.
ஆறு வரி எழுதினாள், அடிக்கோடு போட்டாள்.
"மறக்கவில்லை" என்றாள், என்னிடம் இல்லை.
"யோசிக்கணும்" என்று
தாளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாலரைக்குத் திரையைப் பாதி இறக்கியிருந்தேன்.
கீழே குனிந்து ஒரு முகம், இமையில் பனி.
"அந்தத் தாள்!"
கொடுத்தேன். கடைசி வரியின் ஓரத்தில்
ஒரு கூட்டல் குறி, ஒரு சி.
எனக்குத் தெரிந்த சி ஒன்றுதான்,
அதை வாங்கியவர்கள் இந்தச் சன்னலில் அழுவார்கள்.
இவள் சிரித்தாள்.
"மாறிலி. பஸ் ஏறினதும் ஞாபகம் வந்தது.
இரண்டு நிறுத்தம் நடந்தே வந்தேன்."
பிறகு தாளைத் திருப்பினாள்,
கோட்டின் மேல் கையெழுத்திட்டாள்.

நான்கைப் பூஜ்யமாக்கினேன்.
எங்கள் ஸ்கேனர் முன்பக்கத்தை மட்டுமே எடுக்கும்.
தாளை உருவி, புரட்டி, இன்னொரு முறை வைத்தேன்.
அந்தப் பக்கத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.